சாரல் காரின் அடித்தளம்

"அடித்தளத்தையே தூக்கிப் போட்டுட்டா, அப்புறம் அதுக்கு எதுக்கு மேடம் சாரல்னு பேரு?"

கேட்டவர் கிருபாகரன், வயது ஐம்பத்து மூன்று. கேட்கப்பட்டவர் தலைமைப் பொறியாளர் தில்லைநாயகி, வயது நாற்பத்தொன்று. கேட்பவரைச் சீடர், பதில் சொல்பவரைக் குரு என்று வைத்துக்கொண்டால், சீடருக்குக் குருவைவிட வயது கூடுதல்தான். ஒரகடத்துக் கார் கம்பெனிகளில் இதெல்லாம் சகஜம். அங்கே யாரும் யார் காலிலும் விழுவதில்லை.

சாரல் என்பது ஒரு சின்ன எஸ்யூவி. பதினாறு வருடத்தில் மூன்று தலைமுறை கண்டுவிட்டது. மூன்றுக்கும் அடித்தளம் போட்டவர் கிருபாகரன். அடித்தளம் என்றால் தரைத்தகடும் அதன் கீழே ஓடும் சட்டங்களும். கண்ணுக்குத் தெரிகிற உடம்பெல்லாம் அதன்மேல்தான் உட்காரும்.

நான்காவது சாரலுக்குப் புத்தம் புதுத் தளம் என்று தில்லைநாயகி முடிவு செய்துவிட்டார். அதை வரையும் குழுவுக்கும் கிருபாகரனே தலைவர் என்றார். அவரோ ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாளாக வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. தன் பிள்ளையின் பேரை வேறு பிள்ளைக்கு வைத்தது போல இருந்தது.

"உட்காருங்க சார்."

"உட்கார முடியலை மேடம்."

"அப்போ வாங்க, நடப்போம்."

கீழ்க்கூடத்தில் மூன்று சாரல்களின் வெறும் தளங்கள் வரிசையாக ஸ்டாண்டில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. தில்லைநாயகி ஒரு சாக்பீஸை நீட்டினார்.

"மூணுலயும் எது மாறாம இருக்கோ, அதுதானே உங்க சாரல்? வட்டம் போட்டுக் காட்டுங்க."

"இதென்ன பெரிய விஷயம்?"

கிருபாகரன் முதல் தளத்தைப் பார்த்தார். மூன்றாவதுக்கு ஓடினார். மறுபடி முதலுக்கு வந்தார்.

"முன்சட்டம்... இதை ரெண்டாவதுலயே மாத்திட்டேன். இன்ஜின் பெருசாச்சு."

"ம்."

"குறுக்குச் சட்டம்... பக்கவாட்டுல மோதினா தாங்கலை. நான்தான் பிடிவாதமா நின்னு மாத்தினேன்."

"ம்."

"தரைத்தகட்டை நாப்பது மில்லிமீட்டர் நீட்டினேன். பின்சீட்டுல முட்டி இடிக்குதுன்னாங்க."

சொல்லச் சொல்லக் குரலில் பெருமை ஏறியது. சாக்பீஸ் மட்டும் ஓர் இடத்தையும் தொடவில்லை. குனிந்தார். முட்டி போட்டார். தளத்துக்கு அடியில் தலையை நுழைத்தார். பெயிண்ட் வடிவதற்கு விட்ட ஓட்டைகள்கூட இடம் மாறியிருந்தன. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

திடீரென்று, "இதோ!" என்று கத்தினார்.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நுழையும் ஓர் ஓட்டை. மூன்று தளங்களிலும் அதே இடம், அதே அளவு. மூன்றிலும் வட்டம் போட்டார்.

"எதுக்கு சார் அது?"

"ஹேண்ட்பிரேக் கேபிள் போறதுக்கு."

"மூணாவதுல ஹேண்ட்பிரேக்குக்கு பட்டன்தானே வெச்சோம்? கேபிள் ஏது?"

"இல்லைதான்..."

"பின்னே?"

"பழைய ஃபைலைக் காப்பி பண்ணித்தானே மேடம் அடுத்ததை ஆரம்பிப்போம். அப்படியே கூட வந்திருக்கும். நானும் கவனிக்கலை. அசெம்ப்ளி லைன்ல ரப்பர் மூடி போட்டு அடைச்சுடறாங்க."

"மழை பெஞ்சா கார்ப்பெட் நனையுதுன்னு வருஷா வருஷம் புகார் வருதே..."

"கதவு ரப்பர்தான் காரணம்னு அதை ரெண்டு தடவை மாத்தினேன்" என்றார் கிருபாகரன்.

சொல்லிவிட்டு அந்த ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் இதன் வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

தில்லைநாயகி வட்டத்தின் அருகே குனிந்தார்.

"சரி. அப்போ இந்த ஓட்டைதான் சாரல். மத்ததுக்கெல்லாம் என்ன பேரு வெக்கலாம், நீங்களே சொல்லுங்க."

கிருபாகரனுக்கு முகம் சுட்டது. அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"நாலாவதுல இந்த ஓட்டை வேண்டாம் மேடம்" என்றார். "நானே வரையறேன்."