அன்னக்கொடி வாங்கின கேமரா

இங்க பாரு ஆதிரை, நடுவுல நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திட்டு நான் தூங்கப் போயிடுவேன். சாயங்காலத்துலேருந்து கேமரா வேணும், கேமரா வேணும்னு உசுர வாங்கின இல்ல? அதனால கேமரா கதையே சொல்றேன். சிரிப்பு வர்ற கதை இல்ல, முன்னாடியே சொல்லிப்புட்டேன். அப்புறம் அத்தை அழ வெச்சிட்டான்னு உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு அன்னக்கொடி. வீட்டுல அவளும் அவ அம்மாவும்தான். அப்பா அவ கைக்குழந்தையா இருந்தப்பவே போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த மனுஷனை யாரும் போட்டோ எடுத்ததே கிடையாது. ரேஷன் கார்டுல மட்டும் குட்டியா ஒண்ணு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரெண்டு கருப்புப் புள்ளி மாதிரி. செத்தப்புறம் அதைக் கொண்டுபோய் டவுன்ல ஒரு ஸ்டுடியோல பெருசு பண்ணக் குடுத்தாங்க. அப்போ அந்த ஸ்டுடியோக்காரன் என்ன பண்ணினான்? தெரியாத எடத்துலயெல்லாம் அவனே மூக்கு வெச்சு, கண்ணு வெச்சு, கோட்டு மாட்டி டையும் கட்டிவிட்டுட்டான். பாவம், அவரு சட்டையே நல்ல நாளு பெரிய நாளுக்குத்தான் போடுவாரு.

அம்மா வெளக்கேத்தும்போதெல்லாம் புலம்புவா. "யாரோ ஒரு ஆபீசருக்கு மாலை போடுறேன்டி. உங்கப்பா மூஞ்சி இது இல்ல."

அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பொண்ணு. அம்மா மூஞ்சியாவது அப்படியே இருக்கணும், அதுக்கு நானே போட்டோ எடுக்கக் கத்துக்கணும்னு அவளுக்கு வெறி. பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனா, காசு சேர்த்தா. அப்புறம் ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கிட்டு டவுன்ல பழைய கேமரா விக்கிற கடைக்குப் போனா.

ம் சொல்லு. ஆங்.

கடைக்காரர் மொத கேமராவ எடுத்து வெச்சாரு. பளபளன்னு இருக்கு. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும், நீ பித்தானை அமுக்கினா போதும்னாரு. அம்மாவ நிக்க வெச்சு, க்ளுக்! பாத்தா, அம்மா வெள்ளைவெளேர்னு கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கா. சுருக்கத்தைக் காணோம், கன்னத்து மச்சத்தையும் காணோம். "இதுவும் கோட்டு மாட்டுற ஜாதிதான்"னு அன்னக்கொடி திருப்பிக் குடுத்துட்டா.

அப்போ ரெண்டாவதை எடுத்தாரு. அதுக்கு இவ்ளோ நீட்டு மூக்கு. ஸ்ஸ்ர்ர்ர்னு நீளுது. எதிர்த்த மாடியில உக்காந்திருந்த காக்காவோட கண்ணு கூடத் தெரியுது. ஆனா அம்மாவ எடுக்கணும்னா தெருமுனைக்குப் போகச் சொல்லுது. கிட்ட வந்தா கலங்கலா இருக்கு. தெருமுனையிலேருந்து பாத்தா அம்மா, "ஏன்டி அவ்ளோ தள்ளி நிக்கிற, நான் என்ன கடிக்கவா போறேன்?"னு கத்துறா. அதுவும் வேணாம்னுட்டா.

அப்புறம் அலமாரி மூலையில மூணாவது ஒண்ணு. சின்னது, கருப்பு, ஓரமெல்லாம் தேஞ்சது. நீளாது, சுருங்காது. பெருசா வேணும்னா நாமதான் நடந்து கிட்ட போகணும். அன்னக்கொடி நடந்து கிட்ட போனா. அம்மாவுக்கு ஒரே பசி, "எதையாவது எடுத்துத் தொலைடி, சோத்து நேரமாச்சு"ன்னு வாயத் தெறக்க, டக்! அவ்வளவுதான். அதுல அம்மா இருந்தா. மச்சம், ஓட்டைப் பல்லு, கோவம், எல்லாத்தோடயும் அவ அம்மா. அன்னக்கொடிக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போதான் கடைக்காரர் மெதுவாச் சொன்னாரு. "தாயி, மறைக்கக் கூடாது. இது சாவு வீட்டுக்குப் போற போட்டோக்காரர் வெச்சிருந்தது. பொணத்தைத் தவிர வேற எதையும் இது பாத்ததில்ல."

அம்மாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "என்னையும் அதுல எடுத்துட்டியேடி! அழிச்சிரு. இப்பவே அழிச்சிரு!"

"அழிச்சிட்டேம்மா"ன்னா அன்னக்கொடி. ஆனா அழிக்கல. எப்படி அழிப்பா, சொல்லு?

ம்.

கேமராவ வாங்கிட்டு வந்துட்டா. அப்புறம் கத்துக்கிட்டா. ஆட்டுக்குட்டி கிட்ட போனா, அது தடதடன்னு ஓடுச்சு. கொடத்தை எடுத்தா, கிணத்தடியை எடுத்தா. வெயில் எந்தப் பக்கம் இருந்தா கண்ணு தெரியும், எந்தப் பக்கம் இருந்தா மூஞ்சி இருட்டிப்போகும்னு எல்லாம் பழகிட்டா. ஆனா மனுசங்க நிக்கணுமே? அது சாவு வீட்டுக் கேமராங்கிறது அதுக்குள்ள ஊர் பூராப் பரவியிருந்துச்சு. கல்யாண வீட்டுக்குப் போனா, "சாவு கேமராவத் தூக்கிக்கிட்டு இங்க எதுக்கு வந்த?"ன்னு வாசல்லயே மறிச்சாங்க. மாசமா இருந்த ஒரு பொண்ணு வயித்தை முந்தானையால மூடிக்கிட்டு உள்ள ஓடுனா. பேச்சிமுத்துன்னு ஒரு கெழவர், "எனக்கு இன்னும் நேரம் வரல"ன்னு படார்னு கதவைச் சாத்தினாரு.

ஆனா யாராவது செத்துட்டா? மொத ஆளா அவளைத்தான் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. எந்த ஊர் நியாயம் பாரு. உசுரோட இருக்கிறப்ப சிரிச்ச மூஞ்சியக் காட்ட மாட்டாங்களாம், கண்ண மூடினதும் கூப்பிடுவாங்களாம். எனக்கு வர்ற கோவத்துக்கு... சரி, விடு.

அப்போ அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மழைக்காலக் காய்ச்சல், விடவே இல்ல. கஞ்சி எறங்கல. "அன்னம், அன்னைக்கு அழிச்சியாடி?"ன்னு கேட்டா. "அழிச்சிட்டேம்மா." அப்புறம் இன்னும் மோசமாச்சு, மறுபடி கேட்டா. "அழிச்சிட்டேம்மா." அப்புறம் ஒரு சாயங்காலம், வெளியில சோன்னு மழை. அம்மா கண்ணைத் தெறக்காமலே சொன்னா, "நீ அழிக்கல. எனக்குத் தெரியும். நீ தெனமும் அதைப் பாத்துக்கிட்டே இருக்க."

அன்னக்கொடிக்கு அதுக்கு மேல பொய் வரல. கேமராவ எடுத்து வந்து அம்மாகிட்ட காட்டினா. அம்மா ரொம்ப நேரம் பாத்தா. "இம்புட்டுக் கெழவி ஆயிட்டேனா?"ன்னு லேசாச் சிரிச்சா. அப்புறம், "அழிச்சிரு கண்ணு"ன்னா.

"அழிச்சா நீ பொழைச்சுக்குவியாம்மா?"

"தெரியல. பயமில்லாமத் தூங்குவேன்."

அன்னக்கொடி கட்டைவிரலை வெச்சா. எடுத்தா. திருப்பி வெச்சா. டிக்.

அம்மா அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனா. விடியும்போது உடம்பு ஜில்லுன்னு ஆயிருச்சு.

ம் சொல்லு. இல்ல, வேணாம். சொல்லாட்டி பரவாயில்ல.

சொந்தக்காரங்க, "கடைசியா உங்கம்மா மூஞ்சிய நீயே ஒரு போட்டோ எடும்மா"ன்னாங்க. மாட்டேன்னுட்டா. ரேஷன் கார்டுப் போட்டோவப் பெருசு பண்ணி, பட்டுப் புடவை கட்டிவிடலாம்னாங்க. "அப்பாவை மாத்தினது போதும்"னா. கோட்டுப் போட்ட அப்பாவுக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு, வெறும் ஆணியில மாலையப் போட்டா.

அப்புறம் காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் கதவு தட்டுற சத்தம். பாத்தா பேச்சிமுத்துக் கெழவர். குளிச்சு, துவைச்ச வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு.

"ஏம்மா, உங்கம்மா படத்தை அழிச்சிட்டியாமே?"

"ஆமா தாத்தா."

"அழிச்சும் போயிட்டாளே. அப்போ அந்தக் கேமரா மேல என்ன தப்பு? நாங்கதான் கூமுட்டைங்க. எடும்மா, என்னை எடு."

அவ நடந்து கிட்ட போய் எடுத்தா. டக். அப்புறம் மாசமா இருந்த பொண்ணு, கையில கொழந்தையோட வந்தா. கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. அப்புறம் அந்த ஊர்ல எல்லா வீட்டுச் செவுத்துலயும் அவங்கவங்க மூஞ்சி அப்படி அப்படியே இருந்துச்சு, சுருக்கத்தோட, சொட்டையோட. அவ வீட்டுல மட்டும் அந்த ஆணி.

என்ன? தூங்கலையா நீ? என்ன கேட்ட, அவங்கம்மா மூஞ்சி அவளுக்கு ஞாபகம் இருந்துச்சாவா?

இருந்துச்சு. மொதல்ல எல்லாம் இருந்துச்சு. அப்புறம் வயசாக வயசாக ஒண்ணொண்ணா கழண்டு போச்சு. ஒரு நாள் அடுப்பு முன்னால உக்காந்திருந்தவளுக்குத் திடீர்னு ஒரு சந்தேகம், அந்த மச்சம் எந்தக் கன்னத்துல இருந்துச்சுன்னு. எழுந்து ஓடி வீடு வீடாக் கேட்டா. ஒருத்தர் இடதுங்கிறாங்க, ஒருத்தர் வலதுங்கிறாங்க. ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் அவ கேமராவுல இருக்கு, அவ அம்மா மூஞ்சி மட்டும் இல்ல.

எந்தக் கன்னம்னு என்னைக் கேட்டா? எனக்கும் தெரியாதுடி ஆதிரை. போர்வைய இழுத்துக்கோ. கதையும் முடிஞ்சுது, வெளக்கையும் அணைச்சாச்சு, நீயும் கண்ண மூடிக்கோ.