எட்டாவது கையெழுத்து

ஒரு கிணறு, மூன்று பேர். மூவரும் தாங்கள் செய்ததே நியாயம் என்கிறார்கள். நிதானமாகப் படித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு நிதானம் போய் நாளாகிறது.

மண்ணடியில் ஒரு சந்துக்குள் பழைய மிளகாய் வற்றல் கிடங்கு இருந்தது. தேக்கு உத்தரம், இரண்டடி கனத்தில் சுவர், உள்முற்றத்தில் ஒரு கிணறு. கிடங்கின் முதுகோடு ஒட்டிக்கொண்டு எட்டு ஓரறை வீடுகள். பக்கக் கதவு வழியே வந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது எட்டு வீட்டாரின் பழக்கம். வெறும் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு வீட்டுப் பத்திரத்திலும் 'முன்கட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி இருக்கிறது.

கிடங்கை மதுவந்தி என்பவர் வாங்கினார். மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர். சுவரின் காரையைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டினார். உத்தரத்துக்கு மெருகேற்றினார். வாசல் கதவுக்கு விரல் ரேகைப் பூட்டு மாட்டினார். பாதி உயரத்தில் பலகைத் தளம் போட்டுப் படுக்கையறை ஆக்கினார். அதற்கு 'லாஃப்ட்' என்று பெயர். மூட்டை அடுக்கிய காலத்தில் அது பரண். முற்றத்துக்குக் கூரை வந்ததும் கிணறு வரவேற்பறையின் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அதன் மேல் தடித்த கண்ணாடி பதித்து, உள்ளே விளக்குப் போடச் சொன்னார். பக்கக் கதவு இருந்த இடத்தில் சுவர் எழும்பியது.

பின்வீட்டுப் பூங்காவனம், சந்து முனையில் சுமை தூக்குகிறவர்களுக்கு இட்லி விற்பவர், பத்திர நகலோடு போய் நின்றார். "வக்கீல் பார்த்துப்பார்" என்றார் மதுவந்தி. எந்த வக்கீலும் பார்க்கவில்லை.

பார்த்தவர் கொத்தனார் சூசை மேஸ்திரி. கண்ணாடி பதிக்கும் அன்று அவர் வேலையை நிறுத்தினார்.

"கிணத்த முழுசா மூடக் கூடாதும்மா. அதுக்கு மூச்சு வேணும். மூச்சு அடைச்சா வீட்டுக்கு ஆகாது."

"பைப் வெளியில தெரியுமா மேஸ்திரி?"

"உங்க பக்கம் தெரியாது. பின்னால விட்டுடறேன்."

மூடுகிற கிணற்றுக்கு மூச்சுக்குழாய் வைப்பது ஊரறிந்த வழக்கம்தான். ஆனால் மூச்சு விட இரண்டு விரல் அகலம் போதும். சூசை வைத்தது நாலு அங்குலக் குழாய். அதன் வாய் பூங்காவனத்தின் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் திறந்தது. அதற்குள் பச்சை ரப்பர் ஹோஸ் ஒன்று இறங்கியது. மேலே ஒரு கைப்பம்பு. எட்டு வீட்டுக்கும் தண்ணீர் வந்தது, சத்தமில்லாமல், சுவரோரம் குனிந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுவந்தியின் நண்பர்கள் விருந்துக்கு வந்தார்கள். ஒருவர் கண்ணாடி மேல் நின்று போட்டோவுக்குச் சிரிக்கும்போது, காலடி வெளிச்சத்தில் பச்சையாக ஏதோ நெளிந்தது. "பாம்பு!" என்று கத்தி அவர் சோபா மேல் ஏறிவிட்டார்.

மறுநாள் சூசை மேஸ்திரியை வரவழைத்தார் மதுவந்தி.

"என் வீட்டுக்குள்ள இருந்து எனக்குத் தெரியாம எடுத்தா அதுக்கு என்ன பேரு?"

"திருட்டுதாம்மா. அவங்க தண்ணிய அவங்களே திருடிக்கிட்டாங்க."

மதுவந்திக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவர் போலீசைக் கூப்பிடவில்லை. "நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, ஒரு தாளைத் தயார் செய்தார். 'உரிமையாளரின் அனுமதியின் பேரில், அவர் விரும்பும்வரை தண்ணீர் எடுத்துக்கொள்கிறோம். எங்களுக்கு வேறு பாத்தியம் இல்லை.' எட்டு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் குழாய் அடைபடும்.

ஏழு பேர் போட்டார்கள். பூங்காவனம் தாளை இரண்டு முறை படித்தார்.

"வேற பாத்தியம் இல்லன்னு எழுதிக்கிதேம்மா?"

"அது சும்மா ஃபார்மாலிட்டி."

"சும்மான்னா அந்த வரிய அடிச்சுடுங்க. இப்பவே போடறேன்."

மதுவந்தி அடிக்கவில்லை. பூங்காவனம் போடவில்லை. அடுத்த நாள் காலை, வேறொரு ஆள் வந்து குழாயில் சிமெண்ட் கலவையைத் திணித்துவிட்டுப் போனான்.

இப்போது எட்டு வீடும் லாரிக்குக் காத்திருக்கிறது. பூங்காவனம் குடத்தோடு வரிசைக்கு வந்தால் பேச்சு ஆரம்பிக்கிறது, அவர் வாசல்வரை தொடர்கிறது. "இன்னாக்கா, உன் பத்திரத்தப் புழிஞ்சா ஒரு கொடம் வருமா?" "ஒரு கையெழுத்துக்கு இம்மா வீம்பா? நீ இன்னா கலெக்டரா?" சூசை மேஸ்திரிக்கே தாங்கவில்லை. "நான் வேலைய பணயம் வெச்சு வழி பண்ணேன். ஒரு பேச்சுல கெடுத்துட்டியே தங்கச்சி!"

"நீ பண்ண வழியில குனிஞ்சு குனிஞ்சு எடுத்தேன் அண்ணே. எங்க மாமனார் நின்னு எறைச்ச கெணறு அது."

இட்லி வியாபாரம் பாதியாகிவிட்டது. லாரித் தண்ணீரில் மாவரைத்தது போகப் பாத்திரம் கழுவ மிச்சமில்லை.

ஏமாற்றியாவது தண்ணீர் கொடுத்தார் சூசை. திருட்டு என்று தெரிந்தும் மன்னித்து அனுமதி தர வந்தார் மதுவந்தி. இரண்டையும் வேண்டாம் என்றார் பூங்காவனம். எட்டு வீடும் காய்ந்தது. சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூங்காவனம் செய்தது. சூசை மேஸ்திரிக்கு நல்ல மனசு, ஆனால் அவர் ஒரு பாத்தியத்தைத் திருட்டாக்கிவிட்டார். மதுவந்தி அதைப் பிச்சையாக்கப் பார்த்தார். மற்ற ஏழு வீடுகளைத் தவிக்கவிட்டாரே என்பீர்கள். பூங்காவனம் மறுத்தது தன்னுடைய ஒரே ஒரு கையெழுத்தை. ஏழு கையெழுத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் ஏழு வீட்டுக்கும் சேர்த்து அடைத்தது யார்? தண்ணீர் கொடுக்க நினைத்திருந்தால் ஏழே போதும். பத்திரத்து வரியை அழிக்கத்தான் எட்டும் வேண்டும். இது அந்த ஏழு வீட்டாருக்கும் தெரியாமல் இல்லை. பூங்காவனத்தின் வாசலில் நின்று கத்துகிறார்கள், அங்கே கதவு திறந்தே கிடக்கிறது என்பதால். கத்த வேண்டிய வாசலில் விரல் ரேகை வைத்தால்தான் கதவு திறக்கும்.