தம்பிக்குக் கொண்டுபோன பூச்சிகள்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் மஞ்சி என்ற தவளை தன் தம்பி துள்ளனோடு வாழ்ந்து வந்தாள். தாயைப் பாம்பு கொண்டுபோன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். எந்தப் பூச்சி கிடைத்தாலும் முதலில் அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் தின்பாள்.

ஒரு மழைக்காலத்தில் வலையோடு வந்த ஆள் ஒருவன் துள்ளனைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டான்.

மஞ்சி அலையாத இடமில்லை. கடைசியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டை வழியாக ஓர் அறைக்குள் நுழைந்தாள். மருந்து நெடி மூக்கை அரித்தது. அலமாரியில் கண்ணாடி ஜாடிகள். அவற்றில் ஒன்றுக்குள் துள்ளன்!

"துள்ளா! அக்கா வந்திருக்கேன்டா!"

அவன் அசையவில்லை.

சுவரிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. ஜாடிக்குள் போனவர்களின் கதி என்னவென்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் மருந்து நெடிக்குப் பூச்சிகள் அண்டாததால் அது அரைப் பட்டினியாகக் கிடந்தது. மஞ்சியைப் பார்த்ததும் அதற்கு ஒரு யோசனை தோன்றியது.

"சத்தம் போடாதே தாயி! உன் தம்பி படிக்கிறான். படிப்பு முடியுற வரைக்கும் பேசக்கூடாது, அசையக்கூடாது. இங்கே அதுதான் சட்டம்!"

"ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கான்?"

"வெயிலே படாமல் படிக்கிறவன் வெளுக்கத்தானே செய்வான்!"

"சாப்பாடு?"

"அதைத்தான் இங்கே யாரும் கவனிக்கிறதில்லை. நீ பூச்சி கொண்டு வா. மூடியைத் திறக்கும்போது நான் ஊட்டிவிடுறேன்!"

அன்றிலிருந்து மஞ்சி ஈசலும் கொசுவும் வெட்டுக்கிளியும் பிடித்துக் கொண்டுவந்து பல்லியிடம் கொடுத்தாள். தான் தின்னவில்லை. அவள் தோல் சுருங்கியது. பல்லியோ வாலெல்லாம் தடித்துக் கொழுத்தது.

"உடம்பைப் பாரு, எலும்பும் தோலுமா ஆயிட்டே!" என்று குளத்துத் தவளைகள் கடிந்துகொண்டன.

"தம்பி படிச்சு முடிச்சு வந்தால் எல்லாம் சரியாயிடும்" என்று சிரித்தாள் மஞ்சி.

ஒருநாள் வாயில் ஒரு தும்பியோடு அவள் உள்ளே வந்தபோது அறை முழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியை துள்ளனின் ஜாடியைத் திறந்தார்.

"படிப்பு முடிஞ்சிடுச்சு!" என்று நினைத்தாள் மஞ்சி. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகள் மேல் தாவித் தாவி ஜன்னல் விளிம்புக்கு ஏறினாள்.

துள்ளனை ஒரு தட்டில் மல்லாக்கப் போட்டுக் கைகால்களில் ஊசி குத்தினார்கள். ஒரு மாணவி கத்தியால் அவன் வயிற்றைக் கீறினாள். அவன் கத்தவே இல்லை.

"டீச்சர், இதோட இரைப்பையில ஒண்ணுமே இல்லை!" என்றாள் அவள்.

தும்பி மஞ்சியின் வாயிலிருந்து நழுவி விழுந்தது. அவள் மெல்லப் பல்லியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தம்பிக்கு ஒண்ணுகூடக் கொடுக்கலையா?"

பல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அவன் இங்கே வந்த அன்னைக்கே செத்துட்டான். நீ வருத்தப்படுவியேன்னுதான்…"

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுதிருப்பேனே! செத்துப்போன பிள்ளைகிட்ட தினமும் 'நல்லாப் படிடா'ன்னு சொல்லிட்டுப் போனேனே!"

மஞ்சி வந்த ஓட்டை வழியாகவே குளத்துக்குத் திரும்பினாள். அன்று மழை கொட்டியது. எல்லாத் தவளைகளும் கத்தின. அவள் மட்டும் கரையோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

துக்கத்தில் தவிப்பவரிடம் பொய் நம்பிக்கை கொடுத்துப் பிழைப்பவன், அவரை அழக்கூட விடாமல் கொள்ளையடிக்கிறான்.