உபயதாரர் மேளம்

மாசிலாமணி வைத்தியர் மடத்துக்கு ஒரு மின்மேளம் வாங்கிக் கொடுத்திருந்தார். சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக முழங்கும். மேளத்தின் நெற்றியில் ‘உபயம்: வைத்தியர் மாசிலாமணி’ என்று சிவப்பெழுத்து. நல்ல மனுஷர்தான், பெயர் என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் சபலம். ஓரத்தில் வைத்தால் தூண் பெயரை மறைக்கிறதென்று, பதிகம் பாடும் வடிவாம்பாளின் முதுகுக்குப் பின்னால் அதை நகர்த்தி வைத்ததும் அவர்தான்.

நாளடைவில் வடிவாம்பாளுக்குக் காது மந்தமானது. சுருதி பிடிபடவில்லை. பாட்டை விட்டுவிடப் போகிறேன் என்று அழுதாள். வைத்தியர் பதறிப்போய் நெல்லிக்காய் லேகியம் கிண்டிக் கொடுத்தார்.

யாத்திரை முடிந்து திரும்பிய மடத்து அடிகள், வைத்தியர் லேகியம் கிண்டிக்கொண்டிருந்த மடைப்பள்ளிக்குள் வந்தார். வைத்தியருக்குக் குருதான், ஆனால் சீடரைவிட இளையவர்.

“சுவாமி, இத்தனை லேகியம் கொடுத்தும் காது மங்கிக்கிட்டே போகுதே, ஏன்?”

“காதுக்குள்ள என்ன ஆகுது, வைத்தியரே?”

“உள்காதுல மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கு. ஓயாம சத்தம் விழுந்தா, அதுக பாடுபட்டுப் பாடுபட்டு உள்ளுக்குள்ளேயே புகை மாதிரி ஒரு நஞ்சு சேருது. அதுலயே செத்துப் போகுது. லேகியம் அந்தப் புகையை ஓட்டும்னு நம்புறேன்.”

அடிகள் குந்தி உட்கார்ந்து, அடுப்பில் ஈர விறகைச் செருகினார். புகை கிளம்பியது. வைத்தியர் சன்னலைத் திறந்தார். அடிகள் இன்னொரு கட்டையைச் செருகினார். வைத்தியர் முறத்தை எடுத்து விசிறினார். இன்னொரு கட்டை.

வைத்தியருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. “முதல்ல விறகு வைக்கிறதை நிறுத்துங்க, சுவாமி. அப்புறம் சன்னலைத் திறக்கலாம்.”

அந்நேரம் கூடத்தில் உச்சிப் பூசைக்கு மின்மேளம் முழங்கியது.

முறம் கையிலேயே நின்றது. வைத்தியரின் முகம் சுண்டிப்போனது. கூடத்துக்கு ஓடி, சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கினார். எல்லோரும் படிக்கவென்று எழுதிய பெயரை மேல்துண்டால் மூடினார். வடிவாம்பாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“போன செல் இனி முளைக்காது, சுவாமி.”

“மிச்சம்?”

“காப்பாத்தப் பார்க்கலாம்.”

அடிகள் விறகை வெளியே இழுத்தார்.

வைத்தியர் தலை குனிந்தே நின்றார். “அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கணும். நாலு பேர் முன்னால வாய் வராது. தனியாப் பார்த்து, மெதுவாச் சொல்லிடறேன்.”

“மெதுவாச் சொன்னா அவங்களுக்குக் கேட்காதே, வைத்தியரே.”