ஓக்சுனுக்கு ஒரு கிண்ணம் சோறு

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்துமூன்று. மடத்துக்கு வருகிறவர்கள் ஆள் தெரியாமல் சிஷ்யையைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். குரு யாரையும் திருத்தியதில்லை.

குருவின் பெயர் ஹேவொன். கொரியாவின் தென்கரையில், ஒரு மீன்பிடி ஊருக்கு மேலே குன்றில் இருந்த சிறிய மடத்தின் பிக்குணி. அங்கே துறவிகளை 'சுனிம்' என்பார்கள், நாம் சாமி என்பதுபோல. சிஷ்யையின் பெயர் பெந்தெ. பிறந்தது கொரியா. சிறு பிள்ளையாக டென்மார்க்குக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு அங்கேயே வளர்ந்தவள்.

வந்து மூன்று மாதம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலையில், முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சுனிம், நான் யாருடைய பிள்ளை?"

"தெரியாது."

"தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா?"

"இருந்திருப்பார்கள். இனி கிடைக்க மாட்டார்கள்."

பெந்தெ மறுபடியும் கத்தியை எடுத்தாள். இதைவிடக் கனிவாகப் பலர் அவளுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். எல்லாம் பொய்.

அவளோடு டென்மார்க்குக்குப் போன காகிதத்தில் 'யூன் ஓக்சுன், வயது நான்கு' என்று இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐம்பதாவது வயதில் தேட ஆரம்பித்தாள். இரண்டு வருடம் அலைந்ததில் ஓக்சுனின் அம்மா கிடைத்தார். இதே ஊரில் கருவாடு விற்ற கிழவி. மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சந்தையே கூடிவிட்டது.

முதல் நாள் கிழவி சோறு போட்டார். பெந்தெ ஆசையாகக் கரண்டியைச் சோற்றின் நடுவே நட்டு வைத்தாள். கிழவி பதறிப்போய்ப் பிடுங்கினார்.

"அப்படி வைப்பது செத்தவர்களுக்கு. நீதான் உயிரோடு வந்துவிட்டாயே."

பதினொரு மாதம், ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் சாப்பிட்டாள். பாஷையும் அங்கேதான் படிந்தது. பிறகு கிழவி, மகள் பெயரைக் குடும்பப் பதிவேட்டில் சேர்க்க ஆசைப்பட்டார். அலுவலகத்தில் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ரத்தம் பொருந்தவில்லை.

அவளை டென்மார்க்குக்கு அனுப்பிய அனாதை விடுதியில் வேலை பார்த்தவர்களில் ஒரு தாதி மட்டும் உயிரோடு இருந்தார். அவர் மறைக்கவில்லை. ஓக்சுன் தட்டம்மையில் இறந்துவிட்டாள். விமானச் சீட்டு வந்துவிட்டது, டென்மார்க்கில் ஒரு தம்பதி காத்திருந்தார்கள். கைக்கு எட்டிய இன்னொரு பிள்ளையை அதே காகிதத்தோடு ஏற்றி அனுப்பினார்கள். அந்த இன்னொரு பிள்ளைக்குக் காகிதமே இல்லை.

"இனி வராதே" என்றார் கிழவி. "உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சாகிறாள்."

தலைநகரில் பெந்தெக்கு ஒரு கூட்டம் இருந்தது. அவளைப்போலவே தத்துப் போய்த் திரும்பியவர்கள், சனிக்கிழமை தோறும் ஒரு பொதுக் குளியல்கூடத்தின் மாடியில் கூடுவார்கள். உடைந்த கொரிய மொழியில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அவளுக்கு வாய்த்த சொந்தம் என்றால் அதுதான். அங்கே போய் நடந்ததைச் சொன்னாள். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. வந்தவர்களும் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர் காகிதம் இருந்ததே. அதன்பின் அவள் அங்கே போகவில்லை. இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஏழாம் மாதப் பௌர்ணமி வந்தது. நமக்கு ஆடி அமாவாசைபோல, அவர்கள் இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் நாள். ஊர்க்காரர்கள் மடத்துக்கு வந்து, காகிதச் சீட்டில் இறந்தவர் பெயர், உறவுமுறை, படைப்பவர் பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் குறைந்ததும் ஹேவொன் ஒரு வெற்றுச் சீட்டை பெந்தெயின் முன் வைத்தார்.

"எழுதுங்கள்."

"என் முன்னோர் யார் என்றே தெரியாதே."

ஹேவொன் தூரிகையை எடுத்து நடுவில் தாமே எழுதினார்: யூன் ஓக்சுன்.

பெந்தெக்குக் கோபம் வந்தது.

"அவளுக்குப் பெற்ற தாய் இருக்கிறார். அவர் படைக்கட்டும்."

"பெரியவர் சிறியவரைக் கும்பிடக் கூடாது. பெற்றவளுக்கும் அதுதான் இங்கே வழக்கம். ஐம்பது வருடமாக அவள் பட்டினி."

"நான் மட்டும்? எனக்கும் ஐம்பத்துமூன்று வயது."

"அது காகிதத்தில் இருக்கும் வயது. அவளுடைய வயது. உங்கள் வயது என்ன?"

பெந்தெ யோசித்தாள். "டென்மார்க் அம்மா சொல்வார்... நான் வயதுக்குத் தகுந்த வளர்த்தியே இல்லை என்று. டாக்டரிடம்கூடக் கொண்டு போனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்பல் விழுந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு விழுந்தது."

"அப்படியென்றால் யார் மூத்தவர்?"

ஹேவொன் ஓக்சுனின் பெயருக்கு மேலே 'அக்கா' என்று எழுதினார்.

"படைப்பவர் பெயர்?"

"எதைச் சொல்ல? பெந்தெ என்ற பெயரும் டென்மார்க் அம்மா ஓக்சுனின் போட்டோவைப் பார்த்து அவளுக்காக எடுத்து வைத்தது. எனக்கென்று ஒருவரும் ஒரு பெயரும் வைக்கவில்லை, சுனிம்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுகிற கட்டம் எல்லாம் தாண்டிப் போயிருந்தது. ஹேவொன் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, சீட்டைச் சுவரில் ஒட்டினார்.

ஒரு கிண்ணம் சோறு வைத்தார்கள். கரண்டியை யார் நடுவது என்று ஹேவொன் கேட்கவில்லை, நீட்டினார். பெந்தெ அதைச் சோற்றின் நடுவே நட்டாள். ஐம்பது கடந்த அந்தப் பெண் நான்கு வயது அக்காவை விழுந்து கும்பிட்டாள். எழுந்து இன்னொரு முறை கும்பிட்டாள்.

ஊதுபத்தி எரிந்து முடிந்தது. சோறு ஆறிவிட்டது.

"இதை என்ன செய்வது?"

"வீட்டார் சாப்பிட வேண்டும்."

"எனக்குத்தான் வீட்டார் ஒருவரும் இல்லையே, சுனிம்."

ஹேவொன் கரண்டியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு இல்லை. ஓக்சுனுக்கு ஒருத்தி இருக்கிறாள். சாப்பிடுங்கள்."