பேரம் பேசாத மந்தி

ஆற்றங்கரை மருதமரத்தடியில் வீரணன் என்ற கரடி தேன் விற்றது. தேனீக்களிடம் கொட்டு வாங்கி வாங்கித் தானே கற்ற தொழில். பேரம் பேசாமல் யாருக்கும் ஒரு சொட்டுக்கூடத் தராது.

தேனடையைத் தேக்கிலையில் கட்டி, மேலே நகத்தால் "மலைத்தேன்" என்று கீறி வைக்கும். மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. "இருமல் போகும்" என்று சேர்த்துக் கீறியது. பொட்டலங்கள் பறந்தன. மறுநாள் "மருந்தே வேண்டாம்" என்றும் கீறியது. யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

செவ்வந்தி என்ற மந்தி மார்பில் குட்டியோடு வந்தது. இரண்டு அத்திப்பழத்துக்காக அரைநாள் மல்லுக்கு நிற்கிற மந்தி அது. அன்றைக்குக் கொண்டுவந்த பழம் முழுவதையும் கொட்டிவிட்டு, பேரம் பேசாமல் பொட்டலத்தோடு போய்விட்டது. கரடிக்கு லாபம்தான். ஆனாலும் அந்தப் பழத்தைத் தின்னாமல் ஒதுக்கி வைத்தது.

மூன்றாம் நாள் மந்தி மறுபடி வந்தது. அன்றும் பேரமில்லை. குட்டிக்கு மூச்சு விசில்போல இழுத்தது.

"நாரை வைத்தியர்கிட்ட காட்டினியா?" என்றது கரடி.

"அவர் குடுத்த கஷாயத்தை நிறுத்திட்டேன், அண்ணே. கசக்குதுன்னு துப்பிடுது. நீங்கதான் மருந்தே வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே."

கரடிக்குக் கோபம் தலைக்கேறியது. மந்தி பயந்து பின்வாங்கியது.

"உன்மேல இல்லம்மா. அது நான் எழுதின பொய்."

குட்டியை வாங்கித் தன் ரோமத்துக்குள் பொதிந்துகொண்டு, மந்தி பின்தொடர, கரடி ஆற்றில் இறங்கியது. அக்கரையில் இருந்த நாரை வைத்தியர் வாய்க்கு வந்தபடி திட்டினார். எதற்கும் எதிர்த்துப் பேசும் கரடி, அன்று தலைகுனிந்து கேட்டுக்கொண்டது. வைத்தியர் கஷாயத்தைப் புகட்டினார். கசப்பு போக நாக்கில் ஒரு துளி தேன் தடவலாம், அவ்வளவுதான் என்றார். இரண்டு நாள் கடையை மறந்து, வேளாவேளைக்கு அந்த ஒரு துளியைக் கரடியே தடவியது. மூன்றாம் நாள் குட்டி இழுப்பு தணிந்து, கரடியின் காதைப் பிடித்து இழுத்து விளையாடியது.

கரடி பழைய இலைகளை எல்லாம் கிழித்துப் போட்டது. புது இலைகளில் "தேன். இனிக்கும்" என்று மட்டும் கீறியது. பிறகு நீர்த்துறைக்குப் போய் எல்லா விலங்குகளையும் கூட்டியது.

"இனி எவனாவது இலைமேல நோயோட பேரை எழுதினா, முதல்ல வைத்தியர்கிட்ட காட்டி நிரூபிக்கணும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

காடு ஒப்புக்கொண்டது.

மறுவாரம் செவ்வந்தி வந்து இலையைப் படித்தது. குட்டி அதன் தோளில் குதித்துக்கொண்டிருந்தது.

"வெறும் இனிப்புக்கா இத்தனை பழம்? பாதிதான் தருவேன்."

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "முக்கால்" என்றது.

பிள்ளைக்கு நோய் என்று தவிப்பவர் பேரம் பேசமாட்டார். பொருளில் இல்லாத குணத்தை எழுதி அவரிடம் விற்பது திருட்டைவிடக் கொடியது.