கூழ் குடித்த கயிலாயநாதரும் ஸ்டில் மாசிலாமணியாரும்

கோடம்பாக்கத்தில் அம்பலவாணா ஸ்டூடியோ என்று ஒன்று இருந்த காலத்தில், அங்கே ஸ்டில் எடுத்துப் பிழைத்தவர் மாசிலாமணியார். பிழைத்தார் என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு காட்சி முடிந்து டைரக்டர் 'ஓகே' சொன்னதும், 'ஸ்டில்!' என்று ஒரு குரல் கொடுப்பார். கலையப்போன நடிகர்கள் மறுபடி அதே கோலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் கேமராவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அவர்கள் முகம் சுளிப்பதற்குள் எடுத்துவிட்டு விலக வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

காலையில் வந்ததும் முக்காலியின் மூன்று கால்களுக்கும் திருநீறு பூசுவார். கறுப்புத் துணிக்குள் போன தலை ஐந்தெழுத்தைச் சொல்லாமல் வெளியே வராது. புராணப் படம் எடுக்கிற நாட்களில், தெய்வ வேஷம் கட்டியவர் யார் எதிரே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவார். சும்மா விடுவார்களா? "மாசிலாமணி, சாமிக்கு பீடி வேணுமாம், கொண்டாப்பா!" என்று கத்துவார்கள். இவர் இரண்டு கையாலும் ஏந்திப்போய்க் கொடுப்பார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவர் கொடுத்தது பீடியா நைவேத்தியமா என்று வாங்கினவனுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஷாட் இல்லாத நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், நட்சத்திரங்களை அசந்த நிலையில் படம் எடுப்பார். சூலத்தால் முதுகு சொறிகிற அம்மன், வீணையைத் தலைக்கு வைத்து வாய் பிளந்து தூங்கும் நாரதர், வீட்டிலிருந்து வந்த தன் குழந்தைக்குச் சோறூட்டும் பார்வதி. குடிசைச் சுவர் முழுக்க இவைதாம். தினமும் பூ வைப்பார்.

"நிக்கச் சொன்னா நிக்கிறது வேஷம்ங்க. அசந்திருக்கிறப்பதான் உள்ள இருக்கிறவரு தெரிவாரு" என்பார். பைத்தியம் என்றார்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அது யுத்த காலம். படம் பதிகிற கண்ணாடி பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கயிலாயநாதர் தாண்டவம் ஆடுகிற படம் ஒன்றின் ஷூட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. சிவ வேஷம் கட்டியவர் ஊரே கொண்டாடிய நட்சத்திரம் கலாதரன். படம் முடிகிறவரை ஸ்டூடியோவுக்குள் கவிச்சி நுழையக்கூடாது என்பது முதலாளி ராஜரத்தினம் போட்ட சட்டம். போஸ்டருக்கான தாண்டவக் கோலத்தை ஒருநாள் மாலை எடுப்பதாக ஏற்பாடு. "இருக்கிறது ஒரே பிளேட்டு. ஜாக்கிரதை" என்று முதலாளியே கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. சாக்கில் களிமண் பூசிய கயிலாய மலைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டு மாசிலாமணியார் எட்டிப் பார்த்தார். செட் பெருக்குகிற அஞ்சலை, தூக்குப்பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, சடையும் பாம்புமாக, சிவபெருமான் குந்தி உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் கையால் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையில் கருவாடு. மாசிலாமணியாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போஸ்டர் மறந்தது, முதலாளி மறந்தார். அந்த ஒரே பிளேட்டில் எடுத்துவிட்டார்.

மாலையில் தாண்டவம் ஓகே ஆயிற்று. 'ஸ்டில்!' என்றார் டைரக்டர். கலாதரன் ஒற்றைக் காலில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"பிளேட்டு இல்லீங்க" என்று கைகட்டி நின்றார் அடியார்.

கலாதரன் காய்ச்சலோடு வீட்டுக்குப் போய்விட, ஷூட்டிங் நின்றது. மறுநாள் படத்தைக் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்த முதலாளி எரிந்து விழுந்தார்.

"சிவபெருமான் கருவாடு தின்கிறாரா? அதுவும் செட்டு கூட்டுறவளோட குந்திக்கிட்டு? இது வெளியே போனா என் படத்தை எவன் பார்ப்பான்? உடைச்சுப் போடுய்யா அந்தப் பிளேட்டை!"

"போஸ்டர் பிளேட்டை வீணாக்கினது என் தப்புதாங்க. என்னை அனுப்பிடுங்க. இதை உடைக்க மாட்டேன். மூர்த்தியைப் பின்னமாக்கச் சொல்றீங்களே!"

"அனுப்பாம? நீ மட்டுமில்ல, கவிச்சி கொண்டாந்த அவளும் வெளியே. நீ பிளேட்டை உடைச்சா ரெண்டு பேருக்கும் வேலை உண்டு. இல்லேன்னா இந்த ஊர்ல எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்க முடியாது!"

தன் வயிறு காய்வதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. ஆனால் ஒன்றும் அறியாத ஒருத்தியின் பிழைப்பு தன் கையில் இருக்கிறதே என்று தடுமாறிப் போனார். கண்ணாடியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீ சொல்லு தாயே" என்று அஞ்சலையைப் பார்த்தார்.

"உடைக்காதே நைனா" என்றாள் அவள். "என் கையால கூய் குட்ச்ச சாமி அது. வேலை கெடக்குது, வேற வூட்ல பாத்திரம் தேச்சுக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்.

தள்ளினால் போய்விடுவாரா? கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார் மாசிலாமணியார். "இந்த அம்மாவை மறுபடி உள்ளே சேருங்க. அது ஒண்ணுதான் கேக்கிறேன்" என்பார். வாட்ச்மேன் துண்டைப் பிடுங்க வந்தபோது, "என்னைக் கொன்னுட்டு எடுத்துக்கோ" என்றார். அந்தக் குரலைக் கேட்டு வாட்ச்மேன் பின்வாங்கிவிட்டான். தண்ணீரைக் குடித்துக்கொண்டு மூன்று பகல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அஞ்சலையும் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

நாலாம் நாள் காலை கலாதரனின் கார் வந்தது. மேக்கப்மேன் பாப்பையா ஓடிவந்து கதவைத் திறந்தார். பிரிண்டும் கையுமாகக் காத்திருந்த முதலாளி, "நீங்களே இப்படிப் பண்ணலாமா? பாருங்க" என்று நீட்டினார்.

கலாதரன் வாங்கிப் பார்த்தார். "இது எப்ப எடுத்தது?"

"அன்னைக்கு மத்தியானம், சாப்பாட்டு வேளையில."

"சாப்பாட்டு வேளையிலயா? நான் காய்ச்சல் தாங்காம மேக்கப் ரூம்ல குப்புறப் படுத்துக் கெடந்தேனே. பாப்பையா, சொல்லேன்யா."

"ஆமாங்க" என்றார் பாப்பையா. "சடை பிரிஞ்சுபோச்சுன்னு கழட்டி, அந்த ஒரு மணி நேரமும் என் மடியில வெச்சுப் பிசின் ஒட்டிக்கிட்டிருந்தேன். இருக்கிறது அந்த ஒரே சடைதானுங்களே..."

பேசிக்கொண்டே பிரிண்டை எட்டிப் பார்த்தார். படத்தில் இருந்தவர் தலையில் சடை இருந்தது.

முதலாளியின் கால்கள் தாமாகவே செருப்பைவிட்டு இறங்கின.

"சாமின்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அஞ்சலை. "யாரு கேட்டீங்க?"

மாசிலாமணியாரோ மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "ஐயோ, வெளிச்சம் பத்தலைன்னு, சத்தே இந்தப் பக்கம் திரும்புங்கன்னு கையைக் காட்டினேனே! இந்த நாயி கையைக் காட்டினதுக்கு, வாய் நிறைய கூழோட திரும்பினாரே!"

வேஷத்தை ஊரே கும்பிட்டபோது, வேஷமில்லாமல் வந்தவரை உடைக்க மாட்டேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்த மாசிலாமணியார் திருவடிக்கு நம் தலை தாழும். அவருக்கு முன்னே, யாரென்று கேட்காமல் கூழ் ஊற்றிய அஞ்சலையம்மை கைக்கும் தாழும்.